டீசல் லொறியிலும் பிக்கப்பிலும் ஓட்டோ கியர் தடுமாறினால்: மின் இரைச்சலைத் தேடித் திருத்தும் முறை

ஓமந்தைக்கும் புளியங்குளத்துக்கும் இடையில், மேடு பள்ளம் அதிகமில்லாத ஏ9 வீதியில், மணிக்கு 60 அல்லது 70 கிலோமீற்றர் வேகத்தில் காலை அசைக்காமல் ஓட்டிக்கொண்டிருக்கும்போது, வேகம் மாறாமலே எஞ்சின் சுற்று மட்டும் சில நூறு ஏறுவதும் இறங்குவதுமாக ஆடுமானால், கியர்பொக்ஸைக் கழற்றும் எண்ணத்தை முதலில் ஒத்திவைக்க வேண்டும். கியர் மேலே போகத் தயங்குவது, போன கியர் காரணமின்றிக் கீழே விழுவது, இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் வண்டி முடிவெடுக்க முடியாமல் திணறுவது ஆகிய குறைகளும் இந்த வகையைச் சேர்ந்தவையாக இருக்கக்கூடும். இவற்றில் கணிசமானவை கியர்பொக்ஸின் உள்ளே பிறப்பதில்லை. பற்றரியைச் சார்ஜ் செய்யும் அல்ரனேற்றரில், எர்த் கேபிளில், பின்னர் பூட்டிய விளக்கில் அல்லது ஹோனில் மின் இரைச்சலாக, அதாவது வோல்ற்றளவின் தேவையற்ற ஆட்டமாகப் பிறந்து, வயர் வழியாகக் கியரை ஆளும் கொம்பியூட்டருக்குள் நுழைகின்றன.

வன்னியில் ஓடும் லொறிகளில் பெரும்பாலானவை இன்றும் கையால் கியர் மாற்றுபவைதான். ஆயினும் ஜப்பானில் பாவித்து இங்கு வந்த இசுசு எல்ஃப் லொறிகளில் ஸ்மூதர் வகைக் கியர்பொக்ஸ் கொண்டவையும், மிட்சுபிசி கன்ரர் லொறிகளில் டுவோனிக் எனப்படும் இரட்டைக் கிளச் கொண்டவையும், ஹைலக்ஸ், எல்200, நவாரா போன்ற டபிள் கப்களில் ஓட்டோ கியர் கொண்டவையும் நமது வீதிகளில் ஓடுகின்றன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இன் தொடக்கத்தில் படிப்படியாகத் திறக்கப்படும் வரை, இருந்த வண்டிகளையே திருத்தித் திருத்தி ஓட்ட வேண்டியிருந்ததால், ஒட்டுப்போட்ட வயரிங்கும் கழித்த வண்டியிலிருந்து எடுத்துப் பூட்டிய அல்ரனேற்றரும் இல்லாத பழைய வண்டியைக் காண்பது அரிதாகிவிட்டது. கியர் தடுமாற்றத்துக்கான காரணத்தைத் தேடும்போது இந்த வரலாற்றையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

இரண்டு வகைக் குறைகளைப் பிரித்தறிதல்

கிளச் தட்டுகள் தேய்ந்ததால் வரும் குறை, பாரம் ஏற ஏறக் கூடும். ஒயில் சூடேறச் சூடேற மோசமாகும். விளக்கைப் போட்டாலும் அணைத்தாலும் அதில் மாற்றம் இராது. மின் இரைச்சலால் வரும் குறை இதற்கு நேர்மாறாக, மின் பாவனையோடு சேர்ந்து கூடிக் குறையும். ஹெட்லைற்றையும் ஏசியையும் சேர்த்துப் போட்டதும் கியர் ஆடத் தொடங்குகிறதா, காலையில் ஸ்டார்ட் செய்த பின் பற்றரி நிறையும் வரையான முதற் சில நிமிடங்களில் அதிகமாக ஆடிப் பின்னர் அடங்குகிறதா, ஹோன் அடிக்கும் கணத்தில் ஒரு வெட்டு வெட்டுகிறதா, ரேடியோவில் எஞ்சின் சுற்றோடு சேர்ந்து ஏறி இறங்கும் கீச்சொலி கேட்கிறதா, வேகமானியின் முள் நடுங்குகிறதா என்பவற்றை ஓட்டுநரிடம் பொறுமையாகக் கேட்க வேண்டும். நெல் மூட்டையோடு வண்டியை நாள்தோறும் ஓட்டுபவருக்குத் தெரிந்த அளவு, கராஜின் வாசலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பவருக்குத் தெரியாது. பகலில் ஒழுங்காகவும் இரவில் பிழையாகவும் ஓடுகிறது என்று அவர் சொல்வாரானால், பாதி வேலை முடிந்துவிட்டது என்றே கொள்ளலாம்.

இரைச்சல் எவ்வழியாகக் கியரைக் குழப்புகிறது

கியர்பொக்ஸ் தானாக எதையும் தீர்மானிப்பதில்லை. எந்தக் கியருக்கு எப்போது மாறுவது, எஞ்சினின் விசையை ஒயில் வழியாகக் கியர்பொக்ஸுக்குக் கடத்தும் டோர்க் கொன்வேட்டரில், இரண்டையும் நேரடியாகப் பிணைக்கும் லொக்கப் கிளச்சை எப்போது பூட்டுவது, எப்போது விடுவிப்பது என்பவற்றைக் கொம்பியூட்டர் தீர்மானித்து, ஒயிலின் பாதையை மின்னால் திறந்து மூடும் சொலினொயிட் வால்வுகளுக்குக் கட்டளை அனுப்புகிறது. அந்தத் தீர்மானத்துக்கு அது நம்பியிருப்பவை முக்கியமாக இரண்டு செய்திகள்: அக்சிலரேட்டரை ஓட்டுநர் எவ்வளவு மிதித்திருக்கிறார் என்பதும், வண்டி எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்பதும்.

மிதிக்கும் அளவைச் சொல்லும் சென்சர் 5 வோல்ட் மின்னூட்டத்தில் இயங்கி, காலை எடுத்த நிலையில் ஏறத்தாழ 0.5 வோல்ட்டும் முழுவதும் மிதித்த நிலையில் ஏறத்தாழ 4.5 வோல்ட்டும் தருவது பொதுவான அமைப்பு. அதாவது முழு மிதிக்கும் உரிய வீச்சு 4 வோல்ட் மட்டுமே. அந்த வயரில் அல்லது அதன் எர்த்தில் 0.2 வோல்ட் ஏறி இறங்கினால், ஓட்டுநரின் கால் நூற்றுக்கு ஐந்து பங்கு முன்னும் பின்னும் ஆடுவதாகக் கொம்பியூட்டர் எண்ணிக்கொள்ளும். லொக்கப் பூட்டும் எல்லைக்கு அருகில் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது இந்த ஐந்து பங்கே போதும். பூட்டு, விடு, பூட்டு, விடு என்று மாறி மாறிக் கட்டளை போகும். நேரான வீதியில் சீரான வேகத்தில் செல்லும்போது குறை தெளிவாகத் தெரிவதற்கும், மேட்டில் இழுக்கும்போது தெரியாமல் போவதற்கும் இதுவே காரணம்.

வேகத்தைச் சொல்லும் சென்சர் காந்தச் சுருள் வகையாக இருந்தால் நிலைமை இன்னும் நுட்பமானது. பற்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது அது ஒரு சிறிய ஆடலோட்ட அலையை உண்டாக்குகிறது. வண்டி மெதுவாகப் போகும்போது அந்த அலையின் உயரமும் மிகக் குறைவு. அருகில் ஓடும் தடித்த கேபிளிலிருந்து வரும் இரைச்சலையும் ஒரு பல்லாகக் கொம்பியூட்டர் எண்ணிவிட்டால், வேகம் கூடியதாக நினைத்து உரிய நேரத்துக்கு முன்பே கியரை மேலே தள்ளும். வேகமானி முள்ளும் கியரும் ஒரே கணத்தில் சேர்ந்து ஆடினால், மிதிச் சென்சரை விட்டுவிட்டு இந்த வயரையே முதலில் பார்க்க வேண்டும்.

இரைச்சலின் முதன்மையான பிறப்பிடம் அல்ரனேற்றர். அது உள்ளே உண்டாக்குவது மூன்று கட்ட ஆடலோட்டம். டயோட்கள் அதனை நேரோட்டமாக மாற்றி வெளியே விடுகின்றன. ஆனால் அந்த நேரோட்டம் முற்றிலும் சமதளமானதன்று. வாய்க்கால் நீரின் மேலே காற்று எழுப்பும் சிற்றலை போல ஓர் ஏற்ற இறக்கம் அதன்மேல் எப்போதும் இருக்கும். வழக்கமான, பன்னிரண்டு காந்த முனைகள் கொண்ட அல்ரனேற்றரில் ஒரு சுற்றுக்கு 36 சிற்றலைகள் எழும். டயோட்கள் எல்லாம் நலமாக இருந்தால் அவற்றின் உயரம் மிகச் சிறியது. பற்றரியும் அதனை விழுங்கிவிடும். ஒரு டயோட் பழுதானதும் அந்த வரிசையில் பெரிய பள்ளங்கள் விழுகின்றன, பற்றரியால் ஈடுகொடுக்க முடியாது போகிறது. இவ்வளவு நடந்தும் சார்ஜ் விளக்கு எரியாமல் இருக்கலாம், பற்றரியும் ஓரளவு சார்ஜ் ஆகலாம். ஆகவே "அல்ரனேற்றர் சரி" என்று ஓட்டுநர் உறுதியாகச் சொல்வதை மட்டும் வைத்து அதனை விட்டுவிடக் கூடாது.

இது நமது ஊருக்கு மட்டும் உரிய பிரச்சினையும் அன்று. அமெரிக்காவில் கம்மின்ஸ் 24 வால்வு டீசல் எஞ்சின் பூட்டிய டொட்ஜ் ராம் பிக்கப்களில் லொக்கப் இவ்வாறு ஆடுவது உரிமையாளர்களிடையே நன்கு அறியப்பட்டதாகும். அல்ரனேற்றரின் மின்பாதையும் கொம்பியூட்டரின் எர்த்தும் ஒரே முடிச்சில் சேர்வதைப் பிரித்து, தனித்தனியாகப் பற்றரிக்குக் கொண்டு செல்வதன் மூலம் பலர் அங்கு இதைத் தீர்த்துக்கொண்டார்கள். வண்டி வேறாயினும் திருத்தத்தின் அடிப்படை நமக்கும் அதுவே.

தொடங்குவதற்கு முன்

கியர்பொக்ஸ் ஒயிலின் அளவையும் நிறத்தையும் முதலில் பாருங்கள். பெரும்பாலான ஓட்டோ கியர்பொக்ஸ்களில் எஞ்சின் சூடாகி, ஓடிக்கொண்டிருக்கும் நிலையிலேயே அளவு பார்க்க வேண்டும். அந்த வண்டியின் கைநூல் வேறுவிதமாகச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். ஒயில் கறுத்துத் தீய்ந்த மணம் வீசினால் இந்தக் கட்டுரையில் சொல்லும் வேலைகள் மட்டும் போதாது. பின்னர் ஸ்கானரைப் பூட்டிப் பிழைக் குறிகளைப் படித்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதாமல் அழித்துவிட்டால் பின்னர் ஒப்பிட ஒன்றும் இராது. பிழைக் குறி எதுவும் இல்லை என்பது மின் குறை இல்லை என்பதற்குச் சான்றாகாது, ஏனெனில் வயர் அறுந்தால் கொம்பியூட்டர் உணரும். வயரில் பொய்யான செய்தி வந்தால் அதனை உண்மையென்றே நம்பும்.

எர்த்: அதிக நேரம் செலவிட வேண்டிய இடம்

எல்ஃப், கன்ரர் போன்ற லொறிகளின் கெபின் முன்பக்கமாகச் சாய்த்துத் திறக்கக்கூடியது. அது சேஸியில் றப்பர் தாங்கிகளின் மேல் அமர்ந்திருக்கிறது. எஞ்சினும் கியர்பொக்ஸும் அவ்வாறே றப்பர் மேல் அமர்ந்திருக்கின்றன. ஆகவே பற்றரியின் நெகற்றிவ் முனையிலிருந்து சேஸிக்கும், சேஸியிலிருந்து எஞ்சினுக்கும், சேஸியிலிருந்து கெபினுக்கும் செல்லும் எர்த் கேபிள்களே அவை அனைத்தையும் மின்னால் ஒன்றாகப் பிணைக்கின்றன. இவற்றில் ஒன்று கெட்டாலும் மின்னோட்டம் நின்றுவிடுவதில்லை. கியர் கேபிள், சென்சரின் உறை, கொம்பியூட்டரின் சொந்த எர்த் வயர் என்று கிடைக்கும் சிறு வழிகளில் புகுந்து திரும்புகிறது. கொம்பியூட்டர் தனக்குச் சுழியம் என்று வைத்திருக்கும் மட்டமே அப்போது ஆடத் தொடங்குகிறது.

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்கும், பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு வழியாகவும் ஓடும் மீன் லொறிகளில் இந்தக் குறையை முதலில் எதிர்பார்க்கலாம். மீன் பெட்டியிலிருந்து உருகி வடியும் ஐஸ் தண்ணீர் உப்பும் சேர்ந்து சேஸியின் வழியே இறங்கி, எர்த் கேபிள் பூட்டிய இடத்தில் தேங்குகிறது. வெளியிலிருந்து பார்த்தால் கேபிளின் கறுப்பு உறை புதிதுபோல இருக்கும். போல்ட்டுக்கு அருகில் உறையை இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தால் உள்ளே சரசரவென்று நொறுங்கும்; கத்தியால் கீறினால் செம்பு இழைகளுக்குப் பதிலாகப் பச்சைப் பொடி கொட்டும். உள்வீதிகளில் மணலும் கிரவலும் ஏற்றும் வண்டிகளில் உப்புக்குப் பதிலாகச் செம்மண் சேறு காய்ந்து, போல்ட்டுக்கும் சேஸிக்கும் இடையில் பிடித்திருக்கும். விளைவு ஒன்றே.

கண்ணால் பார்ப்பதை நம்பாமல் மீற்றரால் அளந்து பாருங்கள். மல்டிமீற்றரை நேரோட்ட வோல்ட் அளவில் வைத்து, கறுப்பு முனையைப் பற்றரியின் நெகற்றிவ் ஈயத் தலையின்மேல் நேரடியாக ஊன்றுங்கள். கிளிப்பின்மேல் ஊன்றினால் கிளிப்புக்கும் தலைக்கும் இடையிலுள்ள குறை மறைந்துவிடும். எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைற், ஏசி, வைப்பர் ஆகியவற்றைப் போட்டு, சிவப்பு முனையால் எஞ்சின் உடல், கியர்பொக்ஸ் உடல், சேஸி, கெபின், கடைசியாகக் கியர் கொம்பியூட்டரின் எர்த் வயர் என்று ஒவ்வொன்றாகத் தொட்டு அளவை எழுதுங்கள். எங்கும் 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. கொம்பியூட்டரின் எர்த்தில் அதிலும் குறைவாக இருப்பது நல்லது. ஸ்டார்ட் மோட்டர் சுற்றும் கணத்தில் எஞ்சின் உடலில் சற்றுக் கூடும், அப்போதும் 0.5 வோல்ட்டைத் தாண்டினால் கேபிளை மாற்றிவிட வேண்டும். ஓம் அளவில் வைத்துக் கேபிளின் தடையைப் பார்ப்பதால் பயன் குறைவு, ஏனெனில் நூறு இழைகளில் ஓர் இழை மட்டும் மிஞ்சியிருந்தாலும் மீற்றர் சுழியத்தைத்தான் காட்டும்.

பிழை கண்ட இணைப்பைத் திருத்தும்போது பற்றரியின் நெகற்றிவ் கிளிப்பை முதலில் கழற்றிவிடுங்கள். போல்ட் அமரும் இடத்தில் பெயின்ற், துரு, சேறு எல்லாவற்றையும் இரும்பு மின்னும் வரை தேய்த்தெடுங்கள். கேபிளின் முனைக்கும் உலோகத்துக்கும் இடையில் வொஷர் எதையும் வைக்காமல் நேரடியாக அமர்த்தி இறுக்குங்கள். இறுக்கிய பின்னரே மேலே கிறீஸ் பூச வேண்டும். பெயின்ற் அடித்த பரப்பின்மேல் கேபிளைப் பூட்டி இறுக்கிவிட்டு, போல்ட்டின் புரியே எர்த் கொடுத்துவிடும் என்று விட்டுவிடுவது நமது கராஜ்களில் பரவலாகக் காணும் பழக்கம். அது சில மாதங்களே நிற்கும். பழைய வண்டியானால் பற்றரி நெகற்றிவிலிருந்து கியர்பொக்ஸ் உடலுக்கும் கெபினுக்கும் மேலதிகமாக ஒவ்வொரு கேபிள் போடுமாறு வலியுறுத்துவேன். செலவு சில ஆயிரம் ரூபாய்களுக்குள் அடங்கும். கியர்பொக்ஸைக் கழற்றிக் கொழும்புக்கு ஏற்றும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமேயில்லை.

அல்ரனேற்றரை அளந்து பார்த்தல்

எர்த் திருந்திய பின்னரே இங்கு வர வேண்டும், ஏனெனில் கெட்ட எர்த் நல்ல அல்ரனேற்றரையும் கெட்டதாகக் காட்டும். முதலில் சார்ஜ் வோல்ற்றளவைப் பாருங்கள். 12 வோல்ட் வண்டியில் 13.8 முதல் 14.5 வரையும், 24 வோல்ட் லொறியில் 27.6 முதல் 28.8 வரையும் இருப்பது வழமை. பின்னர் மீற்றரை ஆடலோட்ட வோல்ட் அளவுக்கு மாற்றி, எஞ்சினை ஏறத்தாழ 1500 சுற்றில் பிடித்து, விளக்குகளைப் போட்டு, பற்றரியின் இரு தலைகளுக்கும் இடையில் அளவிடுங்கள். 12 வோல்ட் வண்டியில் 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நலம், 0.5 வோல்ட்டை நெருங்கினால் டயோட் ஒன்றாவது போயிருக்கிறது என்று கொள்ளலாம். 24 வோல்ட் லொறியில் நல்ல நிலையிலும் சற்றுக் கூடக் காட்டலாம்.

மலிவான மீற்றர்களில் ஒரு பொறி உண்டு. அவற்றில் சில, ஆடலோட்ட அளவில் வைத்தாலும் நேரோட்டத்தையும் சேர்த்து வாசித்து, 12 வோல்ட் பற்றரியில் 25க்கு மேல் ஒரு பொருளற்ற எண்ணைக் காட்டும். முனைகளை மாற்றிப் பிடித்தால் சுழியம் காட்டும். உங்கள் மீற்றர் அந்த வகையா என்பதை எஞ்சினை நிறுத்திவைத்தே சோதிக்கலாம். அந்த வகையாக இருந்தால், சிவப்பு முனைக்குத் தொடராக 1 மைக்கிரோபரட் அளவும் 50 வோல்ட்டுக்குக் குறையாத தாங்கு திறனும் கொண்ட, துருவமில்லாத ஒரு கொள்ளளவியை (கப்பாசிற்றரை) பிடித்து அளந்தால், நேரோட்டம் தடுக்கப்பட்டுச் சிற்றலை மட்டும் தெரியும்.

அளவை விடவும் உறுதியான சோதனை ஒன்று உண்டு. எஞ்சினை நிறுத்தி, அல்ரனேற்றரின் பின்புறமுள்ள சிறிய பிளக்கை மட்டும் கழற்றி, அதன் வாயை ரேப்பால் சுற்றிக் கட்டிவிட்டு, நன்கு சார்ஜ் ஏறிய பற்றரியோடு பகல் நேரத்தில் ஐந்தாறு கிலோமீற்றர் ஓட்டிப் பாருங்கள். சார்ஜ் இல்லாமல் பற்றரியில் மட்டும் ஓடும் அந்த நேரத்தில் கியர் ஒழுங்காக மாறுமானால், இரைச்சல் அல்ரனேற்றரிலிருந்து அல்லது அதன் கேபிளிலிருந்துதான் வருகிறது என்பது உறுதியாகிவிடும்.

இந்தச் சோதனைக்காக பெல்ற்றைக் கழற்றாதீர்கள். பல ஜப்பானிய டீசல் எஞ்சின்களில் பிரேக்குக்கு வெற்றிடம் தரும் பம் அல்ரனேற்றரின் முதுகிலேயே பூட்டப்பட்டிருக்கிறது. பெல்ற் இல்லாவிட்டால் பிரேக் மிதி கல்லாகிவிடும், தண்ணீர்ப் பம்மும் நின்றுவிடக்கூடும். அதேபோல, ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினில் பற்றரிக் கிளிப்பைப் பிடுங்கி அல்ரனேற்றரைச் சோதிக்கும் பழைய வழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும். மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய காலத்து எஞ்சின்களில் கொம்பியூட்டர் இல்லை. அன்று அதனால் பெரிய நட்டம் வரவில்லை. இன்று அந்த ஒரு கணத்தில் எழும் வோல்ற்றளவு நூறையும் தாண்டக்கூடும். கியர் கொம்பியூட்டர் அங்கேயே எரிந்துபோகும்.

அல்ரனேற்றர் பிழை என்று தெரிந்தால் டயோட் தட்டை மட்டும் மாற்றலாம், அல்லது முழுவதையும் மாற்றலாம். பாவித்த அல்ரனேற்றரை வாங்கும்போது கடையிலேயே சுழற்றி, மேலே சொன்னபடி ஆடலோட்ட அளவையும் பார்த்து வாங்குங்கள். விளக்கு எரிகிறது என்பதை மட்டும் வைத்துப் பணம் கொடுக்காதீர்கள். பூட்டும்போது அதன் தாங்கியில் உள்ள துருவையும் தேய்த்துவிடுங்கள், ஏனெனில் பல அல்ரனேற்றர்களுக்கு அந்தத் தாங்கியே எர்த்.

ஒரு பற்றரியிலிருந்து 12 வோல்ட் எடுப்பது

24 வோல்ட் லொறியில் இரண்டு 12 வோல்ட் பற்றரிகள் தொடராக இணைந்திருக்கின்றன. ரேடியோ, போன் சார்ஜர், உள்விளக்கு ஆகியவற்றுக்காகக் நெகற்றிவ் முனை சேஸிக்குப் போகும் கீழ்ப் பற்றரி ஒன்றிலிருந்து மட்டும் வயர் இழுத்து 12 வோல்ட் எடுப்பது வன்னியில் ஏறக்குறைய எல்லா லொறிகளிலும் காணப்படும் வேலை. அந்தப் பற்றரி எப்போதும் குறைசார்ஜிலும் மற்றது மிகைசார்ஜிலும் கிடந்து, இரண்டும் காலத்துக்கு முன்பே கெடுகின்றன. கெட்ட பற்றரியால் சிற்றலையை விழுங்க முடிவதில்லை. இரண்டின் வோல்ற்றளவையும் தனித்தனியே அளந்து பாருங்கள். சார்ஜ் ஆகும்போது ஒன்றுக்கொன்று அரை வோல்ட்டுக்கு மேல் வேறுபட்டால் இந்த வயரைக் கழற்றிவிட்டு, 24ஐ 12ஆக மாற்றும் கொன்வேட்டர் ஒன்றைப் பூட்டுங்கள். பற்றரிகளை மாற்றுவதாயின் இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே வகையில் மாற்ற வேண்டும். கொன்வேட்டரும் இரைச்சல் எழுப்பக்கூடிய பொருளே என்பதால், அதனைக் கியர் கொம்பியூட்டருக்கு அருகில் வைக்காமல் கெபினின் மறுபக்கத்தில் வைப்பது நல்லது.

பின்னர் பூட்டியவை

எல்.ஈ.டி விளக்குப் பட்டை, நிறவிளக்குகள், காற்று ஹோன், ஜி.பி.எஸ் கருவி, இன்வேட்டர், வற்றாப்பளைப் பொங்கல் காலத்தில் ஏற்றி இறக்கும் அம்பிளிபயர் வரை, தொழிற்சாலையிலிருந்து வரும்போது வண்டியில் இல்லாத ஒவ்வொரு பொருளும் சந்தேகத்துக்குரியது. இவற்றின் பியூஸ்கள் அனைத்தையும் ஒரேயடியாகக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். குறை மறைந்தால், ஒன்றைப் பூட்டி ஓட்டி, பின்னர் அடுத்ததைப் பூட்டி ஓட்டி, குறை திரும்பி வரும் இடத்தைப் பிடியுங்கள். பியூஸே இல்லாமல் நேரடியாக இழுத்த வயர்களும் இருக்கும். அவற்றுக்கு இந்தச் சந்தர்ப்பத்திலேயே பியூஸ் போட்டுவிடுங்கள். இந்தப் பொருள்கள் எதற்கும் கொம்பியூட்டரின் எர்த் போல்ட்டிலிருந்தோ சென்சர் வயரிலிருந்தோ மின் எடுத்திருக்கக் கூடாது. இக்னிஷன் மின் எங்கே கிடைக்கிறதோ அங்கே ஊசியால் குத்தி எடுக்கும் அவசர வேலையே பல தடுமாற்றங்களுக்கு மூலம்.

ஹோன் அடிக்கும்போது கியர் வெட்டுமானால் ஹோன் ரிலேயைப் பாருங்கள். ரிலேயின் சுருளில் மின் அறுபடும் கணத்தில் நூற்றுக்கணக்கான வோல்ட் கொண்ட ஒரு துடிப்புப் பின்னோக்கி எழுகிறது. அதனை அடக்க, சுருளின் இரு முனைகளுக்கும் குறுக்கே 1என்4007 டயோட் ஒன்றைப் பூட்டினால் போதும். இலத்திரனியல் பொருள் விற்கும் கடையில் மிக மலிவாகக் கிடைக்கும். டயோட்டின் உடலில் வெள்ளிக் கோடு உள்ள முனை பொசிற்றிவ் பக்கம் வர வேண்டும். மாறிப் பூட்டினால் மின் குறுக்காக ஓடிப் பியூஸ் எரியும், அல்லது டயோட் வெடிக்கும்.

சென்சர் வயர்கள்

பழைய வண்டிகளின் வயர் கட்டைப் பிரித்துக் கட்டியவர்கள், இடம் வசதியாக இருக்கிறது என்று சென்சர் வயரையும் அல்ரனேற்றரின் தடித்த சார்ஜ் கேபிளையும் ஒரே கட்டாகக் கட்டிவிடுவது உண்டு. இரண்டுக்கும் இடையில் ஒரு சாண் தூரமாவது இருக்க வேண்டும்; கடந்தே ஆக வேண்டிய இடத்தில் பக்கம் பக்கமாக ஓடாமல் குறுக்காகக் கடக்க வேண்டும். வேகச் சென்சரின் இரு வயர்களும் ஒன்றோடொன்று முறுக்கப்பட்டு, மேலே உலோக வலை உறையும் கொண்டிருந்தால், திருத்தும்போது அந்த முறுக்கையும் உறையையும் அப்படியே காப்பாற்றுங்கள். உறையின் எர்த் ஒரு முனையில், வழமையாகக் கொம்பியூட்டர் பக்கத்தில் மட்டுமே இருக்க வேண்டும். இரு முனைகளிலும் எர்த் கொடுத்தால் உறையே மின்னோடும் பாதையாகி இரைச்சலைக் கூட்டிவிடும்.

அறுவடை முடிந்து நெற்களஞ்சியத்தின் அருகே நிறுத்திவைத்த வண்டிகளில் எலி கடித்த வயர்களைத் தேடுங்கள். கெபின் சாயும் மூட்டுக்கு அருகில், ஒவ்வொரு முறையும் வளைந்து நிமிரும் இடத்திலும் வயர்கள் உள்ளே முறிந்திருக்கும். முறுக்கி ரேப் சுற்றிய இணைப்பு ஒரு மாரிக்குத் தாங்காது. ஈயம் வைத்து ஒட்டி, சூட்டில் சுருங்கும் குழாயால் மூடுங்கள். மிதிச் சென்சரைச் சோதிக்க, சாவியைப் போட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், மிதியை மிக மெதுவாக அழுத்தி வோல்ற்றளவு ஒரே சீராக ஏறுகிறதா என்று பாருங்கள். இடையில் ஓரிடத்தில் விழுந்து எழுந்தால் அது இரைச்சல் அன்று, சென்சரின் தேய்மானம்.

கொம்பியூட்டர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் கேன் வயர் சோடி உள்ள வண்டியில், பற்றரியைக் கழற்றிய பின் அந்த இரு வயர்களுக்கும் இடையே 60 ஓம் அளவில் தடை இருக்க வேண்டும். 120 ஓம் காட்டினால் இரு முனைகளிலும் உள்ள தடைகளில் ஒன்று துண்டிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். இரைச்சலை அடக்குவதாக எண்ணி இந்தச் சோடியிலோ வேகச் சென்சர் வயரிலோ கொள்ளளவி பூட்டாதீர்கள்; அது உண்மையான செய்தியையும் சேர்த்து விழுங்கிவிடும். வயரைச் சுற்றிக் கவ்வும் பெரைற் வளையத்தால் கெடுதி இல்லை.

திருத்திய பின்

மின் குறை நீங்கிய பின்னும் முதற் சில நாள்களுக்குக் கியர் மாற்றம் சற்று முரடாக இருக்கலாம், ஏனெனில் பொய்ச் செய்தியைக் கேட்டுக் கேட்டுக் கொம்பியூட்டர் தன் பழக்கத்தை மாற்றிவைத்திருக்கும். ஸ்கானரால் அந்தப் பழக்கத்தை அழித்து, வண்டியின் கைநூல் சொல்லும் முறைப்படி மீண்டும் கற்பிக்க வேண்டும். ஸ்மூதர், டுவோனிக் போன்றவற்றில் கிளச் பிடிக்கும் புள்ளியையும் அவ்வாறே பதிய வேண்டும். பின்னர் இரவில், எல்லா விளக்கையும் போட்டு, ஏசியும் ஓட, குறை தெரிந்த அதே வீதியில் அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். பகலில் வெறும் வண்டியில் பார்த்துவிட்டுத் திருந்தியதாகச் சொல்லி அனுப்புவது சரியன்று.

பொடி வேலைக்காகவோ டிப்பர் பெட்டிக்காகவோ சேஸியில் வெல்டிங் செய்ய நேர்ந்தால், பற்றரிக் கிளிப்புகள் இரண்டையும், கியர் கொம்பியூட்டரின் பிளக்கையும் முன்கூட்டியே கழற்றி, வெல்டிங் எர்த்தை ஒட்டும் இடத்துக்கு மிக அருகில் பூட்டச் சொல்லுங்கள். திருத்தி முடித்த வண்டி, இந்த ஒன்றைச் செய்யாததால் மறுமாதமே அதே குறையோடு திரும்பி வருவதுண்டு. ஐப்பசியில் மாரி தொடங்கும் முன்பும், மாரி முடிந்து பெரும்போக அறுவடைக்கு வண்டி இறங்கும் முன்பும் எர்த் அளவுகளை மீண்டும் ஒருமுறை எடுத்து, முன்னர் எழுதியவற்றோடு ஒப்பிடுங்கள்.

எர்த் எங்கும் 0.1 வோல்ட்டுக்குள், அல்ரனேற்றரின் பிளக் கழற்றிய நிலையில், பின்னர் பூட்டிய அனைத்தும் விலக்கப்பட்ட நிலையில், சென்சர் வயர்களும் சீராக இருந்து, அப்போதும் கியர் தடுமாறுமானால், கியர்பொக்ஸை அல்லது அதன் சொலினொயிட்களைத் திறக்கும் நேரம் வந்துவிட்டது. அவ்வாறு அனுப்பும்போது எழுதிவைத்த அளவுகள் அனைத்தையும் பிழைக் குறிகளையும் வண்டியோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். திறப்பவர் வயரிங்கை மறுபடியும் முதலிலிருந்து சந்தேகிக்காமல் நேராக உள்ளே பார்க்க அது உதவும்.